'டிஸ்கஸ் அபவுட்' ஏன் தப்பு? ஆங்கில வினைக்குப் பின்னால் எந்தச் சின்னச் சொல் வரும், எப்படிக் கண்டுபிடிப்பது?

நூல்கண்டு | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு, தினமும் முப்பது நாற்பது மெயில் போகும், பாதியை நான்தான் அடிக்கிறேன். இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் மெயில் ஒன்றை மேனேஜர் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் ஐந்து இடத்தில் வட்டம் போட்டு, மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. போய்க் கேட்டதற்கு, 'இது கூடத் தெரியாதா' என்றார், அவ்வளவுதான்.

மெயில் இது:

'வி ஹாவ் டிஸ்கஸ்டு அபவுட் த ஷேட் வித் அவர் டையிங் யூனிட். த சாம்பிள் வில் ரீச் டு யூ பை ஃப்ரைடே. வி ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் அப்ரூவல். கைண்ட்லி எக்ஸ்ப்ளெயின் அஸ் த பேக்கிங் மெத்தட். வி ஆர் அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை.'

அபவுட், டு, ஃபார், எக்ஸ்ப்ளெயின் அஸ், மறுபடியும் ஃபார். இந்த ஐந்துக்கும் வட்டம். நாலு இடத்தில் வேண்டாததைப் போட்டேனாம், ஒரு இடத்தில் வேண்டியதைப் போடவில்லையாம். பத்து வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன், எந்தப் பையரும் புரியவில்லை என்று சொன்னதில்லை. இதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம்தானா?

சோதனைக்காரி | திங்கள், இரவு 9:52

'பதில் போடுங்கள்' என்பதற்கு நாம் எழுதுகிற அந்த 'ரிவர்ட் பேக்' இல்லாமல் ஒரு திருப்பூர் மெயிலா, ஆச்சரியம்தான். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், எங்கள் பக் ரிப்போர்ட் எல்லாம் இதே கதைதான். கணக்கு எதுவும் கிடையாது அண்ணா, மனப்பாடம்தான், நம்பிக்கை கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள்.

பழைய வாத்தியார் | திங்கள், இரவு 10:25

தம்பி, வட்டம் போட்ட ஐந்தும் தப்புதான், அதில் சந்தேகம் வேண்டாம். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவன் நான், இதே ஐந்தையும் விடைத்தாள்களில் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ தெரியாது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். இந்தத் தப்பெல்லாம் தமிழ் ஒழுங்காகத் தெரிந்த பையனுக்குத்தான் வரும். தமிழில் வாக்கியத்தை அமைத்துக்கொண்டு, உருபுக்கு உருபு இங்கிலீஷில் ஒட்டுகிறான்.

நீங்கள் மனதுக்குள் 'ஷேட் பற்றிப் பேசினோம்' என்று நினைத்தீர்கள். பற்றி என்றால் அபவுட். டாக் அபவுட், ஸ்பீக் அபவுட், திங்க் அபவுட் என்று பங்காளிகள் எல்லோருக்கும் மீசை இருக்கிறது, அதனால் டிஸ்கஸுக்கும் ஒரு மீசை வரைந்துவிட்டீர்கள். இப்போது 'பேசு' என்பதை விட்டுவிட்டு 'அலசு' என்று வைத்துப் பாருங்கள். 'விஷயத்தை அலசினோம்' என்போம், 'விஷயத்தைப் பற்றி அலசினோம்' என்றால் காதில் இடிக்கும். டிஸ்கஸ் என்றால் அலசு. 'வி டிஸ்கஸ்டு த ஷேட்', முடிந்தது.

ரீச்சும் அப்படித்தான். 'உங்களுக்கு வந்து சேரும்' என்று நினைத்தால் அந்த 'க்கு' போய் 'டு' ஆக உட்கார்ந்துகொள்ளும். 'சேர்' வேண்டாம், 'அடை' என்று நினையுங்கள். சென்னைக்குச் சேர்ந்தோம், ஆனால் சென்னையை அடைந்தோம். ரிக்வெஸ்ட் என்றால் 'கோரு': ஒப்புதலைக் கோருகிறோம். அவெயிட் என்றால் 'எதிர்பார்': பதிலை எதிர்பார்க்கிறோம். வெயிட் என்றால்தான் 'காத்திரு', பதிலுக்காகக் காத்திருக்கிறோம், அதனால் அதற்கு ஃபார் உண்டு. வெயிட்டும் அவெயிட்டும் அண்ணன் தம்பி, குணம் வேறு. மேரி என்றால் 'மண': அவளை மணந்தான், ஆகவே 'மேரீடு ஹெர்', 'மேரீடு வித் ஹெர்' கிடையாது. ரிசெம்பிள் என்றால் 'ஒத்திரு': அப்பாவை ஒத்திருக்கிறான், 'ரிசெம்பிள் டு' வராது.

புரிகிறதா? இரண்டாம் வேற்றுமை, அந்த 'ஐ' எடுக்கிற ஒரு தமிழ் வினையைத் தேடிப் பிடித்து அந்த இங்கிலீஷ் வினைக்குப் பட்டப்பெயராக வைத்துவிடுங்கள். எட்டாம் வகுப்பில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ராகம் போட்டுப் படித்தோமே, அது இப்போது பையர் மெயிலுக்கு உதவுகிறது.

எக்ஸ்ப்ளெயின் கதை வேறு, நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

சோதனைக்காரி | திங்கள், இரவு 10:41

ஐயா, பட்டப்பெயர் யோசனை பிரமாதம், முன்பு சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் டெஸ்டர் புத்தி சும்மா இருக்காது, உடைத்துப் பார்த்தேன். 'என்டர்' எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழைந்தான், உள்ளே வந்தான், எப்படிச் சொன்னாலும் 'ஐ' வரவில்லை. இங்கிலீஷில் 'என்டர்டு த ரூம்' என்றுதான் எழுத வேண்டும், ஒப்பந்தம் போட்டால் மட்டும் 'என்டர் இன்டு'. 'ஒபே': அப்பாவுக்குக் கீழ்ப்படிந்தான், இங்கே 'க்கு' வருகிறது, ஆனால் 'ஒபே டு' தப்பு. 'ஆன்சர்': கேள்விக்குப் பதில் சொன்னான், 'ஆன்சர் டு த கொஸ்டின்' என்று வினையாக எழுதினால் தப்பு. மூன்று டெஸ்ட் கேஸ் ஃபெயில்.

பழைய வாத்தியார் | செவ்வாய், காலை 6:05

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. பாதிக்குத்தான் வரும். மீதியை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும்.

நூல்கண்டு | செவ்வாய், காலை 8:30

ஐயா நன்றி, அலசு, அடை, கோரு, எதிர்பார் நாலையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். ஆனால் ஒரு குழப்பம். 'ரிக்வெஸ்ட் ஃபார்' தப்பு என்கிறீர்கள், எங்கள் பையரே போன வாரம் 'திஸ் இஸ் எ ரிக்வெஸ்ட் ஃபார் நியூ பிரைஸஸ்' என்று எழுதியிருக்கிறார். கூகுளில் தேடினால் 'டிஸ்கஷன் அபவுட்' கோடிக்கணக்கில் வருகிறது. அவர்கள் எழுதினால் சரி, நான் எழுதினால் வட்டமா?

பழைய வாத்தியார் | செவ்வாய், காலை 9:15

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்தச் சனியன் தொடங்குவதே இங்கேதான் என்பது என் எண்ணம், தமிழை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

பையர் எழுதியது பெயர்ச்சொல், நீங்கள் எழுதியது வினைச்சொல். இங்கிலீஷில் வினையாக இருக்கும்போது நேராகச் செயப்படுபொருளோடு ஒட்டிக்கொள்கிற பல சொற்கள், பெயராக மாறினதும் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொள்கின்றன. டிஸ்கஸ் த பிரைஸ், ஆனால் எ டிஸ்கஷன் அபவுட் த பிரைஸ். ரிக்வெஸ்ட் அப்ரூவல், ஆனால் எ ரிக்வெஸ்ட் ஃபார் அப்ரூவல். என்டர் த மார்க்கெட், ஆனால் என்ட்ரி இன்டு த மார்க்கெட். அட்டாக் த டவுன், ஆனால் அன் அட்டாக் ஆன் த டவுன். எம்ஃபசைஸ் குவாலிட்டி, ஆனால் எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி. அந்தப் பெண் கேட்ட ஆன்சரும் இதில்தான் வரும்: ஆன்சர் த கொஸ்டின், ஆனால் தி ஆன்சர் டு த கொஸ்டின். லாக் (பூட்டு இல்லை, 'குறைபாடு' லாக்), டிமாண்ட், கன்ட்ரோல், இன்ஃப்ளூயன்ஸ் எல்லாம் இந்தக் கூட்டம்.

நாம் என்ன செய்கிறோம், பெயரில் பார்த்த அந்த ஆளை வினைக்கும் இழுத்து வருகிறோம். 'எம்ஃபசைஸ் ஆன்' என்று நம் ஊர் மேடையில் பேசாதவர் யார் சொல்லுங்கள். 'எ', 'த', 'யுவர்' மாதிரி ஏதாவது முன்னால் நின்றால் அது பெயர், பின்னால் ஆள் வரட்டும். முன்னால் வி, ஐ, தே நின்றால் வினை. நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன், வினையாக இருக்கும்போதே ஆள் வைத்துக்கொள்கிற டிபெண்ட், லிசன் மாதிரி நிறைய உண்டு, ஆனால் நீங்கள் இழுத்துவரும் கூட்டத்தில் பாதி இங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் அந்த எக்ஸ்ப்ளெயின். எங்களுக்குச் சொல்லுங்கள், எங்களுக்குக் காட்டுங்கள், எங்களுக்கு விளக்குங்கள், தமிழில் மூன்றுக்கும் ஒரே உருபு. டெல் அஸ், ஷோ அஸ் இரண்டும் சரி, எக்ஸ்ப்ளெயின் அஸ் மட்டும் தப்பு. டெல், ஷோ, கிவ், சென்ட் எல்லாம் பழைய ஜெர்மானிய வீட்டுச் சொற்கள், ஆளை நேராகப் பக்கத்தில் உட்கார வைக்கும். எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜெஸ்ட், இன்ட்ரொட்யூஸ், அனவுன்ஸ் போன்றவை லத்தீன் வழியாக வந்த மரியாதைக்காரர்கள், பொருளை முதலில் சொல்லி, ஆளை 'டு' போட்டுத் தள்ளித்தான் நிறுத்தும். எக்ஸ்ப்ளெயின் த பேக்கிங் மெத்தட் டு அஸ். 'சஜெஸ்ட் மீ எ குட் ஹோட்டல்' என்று கேட்காத தமிழன் கிடையாது, அதுவும் இதே தப்பு. லத்தீன் வழி வந்தும் ஆஃபர், பிராமிஸ் இரண்டும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாது, 'பிராமிஸ்டு மீ' சரிதான்.

ஊர்க்குருவி | செவ்வாய், காலை 11:48

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன், எரிச்சலாக இருக்கிறது. 'டிஸ்கஸ் அபவுட்' என்று இந்தியாவில் கோடிப் பேர் பேசுகிறார்கள், சிங்கப்பூரில் பேசுகிறார்கள், நைஜீரியாவில் பேசுகிறார்கள். புரிகிறதா இல்லையா, அதுதானே கேள்வி? அமெரிக்காக்காரன் சொன்னால் அது அமெரிக்கன் இங்கிலீஷ், நாம் சொன்னால் தப்பா? வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் ஆச்சு, இன்னும் சிவப்புப் பேனாவை அவன் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்.

சோதனைக்காரி | செவ்வாய், மதியம் 12:10

குருவி, பாதி ஒத்துக்கொள்கிறேன். 'டிஸ்கஸ் அபவுட்' எழுதினதால் யாரும் செத்துப்போகவில்லை, புரியாமலும் போகவில்லை. உபரியாக ஒரு சொல், அவ்வளவுதான். சிவப்பு மை செலவழிக்க அது தகுதியானதா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் எல்லாத் தப்பும் அந்த ரகம் இல்லை. 'பாஸ் அவுட்' எடுத்துக்கொள். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2015' என்று நாம் சொன்னால் டிகிரி முடித்தேன் என்று அர்த்தம். வெளியூர்க்காரன் காதில் நீ 2015இல் மயங்கி விழுந்துவிட்டாய். நம்மீது மட்டும் தப்பில்லை, ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியே வருவதற்கு 'பாஸிங் அவுட்' என்றுதான் பெயர், பரங்கிமலை அகாடமியில் இன்றைக்கும் 'பாஸிங் அவுட் பரேட்' நடக்கிறது. அதைக் கல்லூரிக்கும் எடுத்துக்கொண்டோம். இண்டர்வியூவில் நம்ம ஊர் எச்ஆர் இருந்தால் பிரச்சினையே இல்லை, லண்டன் ஆள் இருந்தால் சிரிப்பை அடக்குவான். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லைப் போடு என்கிறேன், வேறொன்றும் இல்லை.

வார்டு ஏழு | செவ்வாய், மாலை 4:35

இதுவரை வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன், குருவி அண்ணன் 'புரிகிறதா இல்லையா' என்று கேட்டதால் எழுதுகிறேன். நான் ஸ்டாஃப் நர்ஸ், ஓஇடி தேர்வுக்கு, அதாவது மருத்துவத் துறைக்காரர்களுக்கான இங்கிலீஷ் தேர்வுக்குப் படிக்கிறேன். நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து இந்த நேரத்தில்தான் உட்கார முடிகிறது. எங்களுக்கு எழுதும் தேர்வு ஒரு கடிதம்தான், நோயாளியை இன்னொரு டாக்டருக்கோ வீட்டுக்கு வரும் நர்ஸுக்கோ ஒப்படைக்கிற கடிதம், 180 முதல் 200 சொல், படிக்கிற நேரத்தையும் சேர்த்து 45 நிமிடம். பயிற்சிக்கு எழுதிய முதல் கடிதத்தில் நான் விட்ட தப்புகளை இங்கே போடுகிறேன், சிரிக்க வேண்டாம்.

'த பேஷன்ட் கம்ப்ளெயின்டு அபவுட் செஸ்ட் பெயின்.' திருத்தினவர் 'ஆஃப்' போட்டார். சாப்பாடு சரியில்லை, ஏசி ஓடவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார் என்றால் 'கம்ப்ளெயின்டு அபவுட்'. அதாவது புகார். உடம்பில் என்ன செய்கிறது என்று டாக்டரிடம் சொன்னால் 'கம்ப்ளெயின்டு ஆஃப்'. தமிழில் யோசித்தால், 'நெஞ்சு வலியைப் பற்றிப் புகார் சொன்னார்' என்று யாராவது சொல்வோமா? 'நெஞ்சு வலிக்கிறது என்கிறார்' என்போம். நமக்குப் புகாரும் உபாதையும் வேறு வேறு சொல், அவர்களுக்கு ஒரே வினை, வித்தியாசம் முழுக்க அந்தச் சின்னச் சொல்லில் இருக்கிறது.

அடுத்தது இதைவிட மோசம். 'த சர்ஜன் ஆபரேட்டட் த பேஷன்ட்' என்று எழுதினேன். 'ஆன்' இல்லாமல் ஆபரேட் என்றால் இயக்கு. லிஃப்டை ஆபரேட் செய்யலாம், மெஷினை ஆபரேட் செய்யலாம். நோயாளிக்கு 'ஆபரேட் ஆன்'. என் கடிதத்தில் சர்ஜன் பட்டனை அழுத்தி நோயாளியை மேலே கீழே ஓட்டிக்கொண்டிருந்தார்.

மற்றதெல்லாம் சின்னச் சின்னது. நம் ஊரில் 'அட்மிட்டட் இன்' என்போம், அங்கே 'அட்மிட்டட் டு'. டயக்னோஸ்டு வித், அலர்ஜிக் டு, சஃபரிங் ஃப்ரம், டிஸ்சார்ஜ்டு ஃப்ரம், வாக்சினேட்டட் அகெய்ன்ஸ்ட். 'ட்ரீட்' மட்டும் இரண்டு வாலோடு வரும், நோய்க்கு 'ஃபார்', மருந்துக்கு 'வித்': ட்ரீட்டட் ஃபார் நிமோனியா வித் ஆன்டிபயாடிக்ஸ். நான் இரண்டையும் மாற்றிப் போட்டு, நோயாளியை நிமோனியாவால் குணப்படுத்த முயற்சி செய்திருந்தேன்.

பழைய வாத்தியார் | செவ்வாய், மாலை 5:20

அம்மா, இதை மட்டும் நான் பாடம் எடுக்கும் காலத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் வகுப்பே வேறு மாதிரி போயிருக்கும். நான் பட்டியலை எழுதிப்போட்டு, இருபது தடவை எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிய ஆள்தான்.

இதே வேடிக்கை தமிழிலும் உண்டு, நாம் கவனிப்பதில்லை. 'மாப்பிள்ளை பெண் பார்த்தார்' என்றால் பஜ்ஜி, சொஜ்ஜி, காபி. 'மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்தார்' என்றால் பஸ் ஸ்டாண்டில் கூடப் பார்த்திருக்கலாம். ஒரே ஒரு 'ஐ'தான் வித்தியாசம். தமிழ் கற்றுக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர் ஒருவரை உட்கார வைத்து, 'தலைக்குக் குளித்தேன்' என்பதில் அந்த 'க்கு' எதற்கு என்று விளக்கிப் பாருங்கள். தலைக்காகக் குளித்தேனா? தலையிடம் கொடுத்தேனா? நாயைக் கண்டு பயந்தேன், நாய்க்குப் பயந்தேன், இரண்டும் சரி. நாயால் பயந்தேன் ஏன் தப்பு? பதில் கிடையாது. அந்த வினை அந்த உருபோடு நம் வாயில் வளர்ந்தது.

நூல்கண்டு | செவ்வாய், இரவு 9:05

ஆபரேட் ஆன் படித்துச் சிரித்து டீ சிந்திவிட்டது. அப்படியானால் உபரித் தப்பு ஒன்று, அர்த்தம் மாறும் தப்பு ஒன்று, சரிதானே? அர்த்தம் மாறுகிற ரகத்தை முதலில் கற்றுக்கொள்கிறேன். மெயிலில் அடிக்கடி வருகிற வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பனிக்காடு | புதன், அதிகாலை 3:20

இங்கே கனடாவில் இப்போது பின்னேரம். நான் யாழ்ப்பாணத்து ஆள், வந்து பதினெட்டு வருடம். வந்த புதிதில் ஒரு கிடங்கில் வேலை, இரைச்சல் காதைப் பிளக்கும். தூரத்தில் நின்ற சூப்பர்வைசரை நான் உரக்கக் கூப்பிட்டதைப் பிறகு இன்னொருவரிடம் சொல்லும்போது 'ஐ ஷவுட்டட் அட் ஹிம்' என்று சொல்லிவிட்டேன். கதை அலுவலகம் வரைக்கும் போய், ஏன் அவரை ஏசினாய் என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். 'ஷவுட் டு' என்றால் கேட்கட்டும் என்று கத்துவது, 'ஷவுட் அட்' என்றால் அவர் மேல் கத்துவது. அன்றைக்குப் படித்ததை இன்று வரைக்கும் மறக்கவில்லை.

பிறகு கவனித்தால் 'அட்' வருகிற இடமெல்லாம் ஒரு குறி பார்க்கிற குணம் இருக்கிறது. 'த்ரோ த பால் டு ஹிம்' என்றால் அவன் பிடிக்கட்டும் என்று போடுவது, 'த்ரோ த பால் அட் ஹிம்' என்றால் அவன் மேல் எறிவது. லாஃப் அட், ஸ்டேர் அட், பார்க் அட், எய்ம் அட், எல்லாவற்றிலும் ஒருத்தர் மேல் போய் விழுகிறது. தமிழில் 'அவனிடம்', 'அவன் மேல்' என்று வைத்துப் பார்த்தால் வடிவாக விளங்கும்.

இன்னொன்று. வாத்தியார் ஐயா எங்கேயாவது 'டிஃபரன்ட் டு' தப்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தால் கோபிக்க வேண்டாம், பிரிட்டிஷ்காரர் அதைத் தாராளமாகச் சொல்கிறார்கள். அமெரிக்கர் 'டிஃபரன்ட் தான்' என்பார்கள், நம் தமிழ் 'தான்' இல்லை, 'பெட்டர் தான்' என்பதில் வருகிற இங்கிலீஷ் 'தான்'. 'ஃப்ரம்' போட்டால் இரண்டு பக்கமும் சண்டை வராது. ஊரில் நாங்கள் 'ஃபில் இன் த ஃபார்ம்' என்று படித்தோம், இங்கே 'ஃபில் அவுட்'. ஊரில் 'ரைட் டு மீ', இங்கே சிலர் 'ரைட் மீ'. பிரிட்டனில் தீர்ப்புக்கு எதிராக 'அப்பீல் அகெய்ன்ஸ்ட்', அமெரிக்காவில் 'அப்பீல் த ரூலிங்'. வெள்ளைக்காரருக்குள்ளேயே இவ்வளவு சண்டை, குருவி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கூடுதல் செய்தி: பரீட்சையைப் பிரிட்டிஷ்காரர் 'சிட்' பண்ணுவார்கள், அமெரிக்கர் 'டேக்' பண்ணுவார்கள், கனடாக்காரர் மட்டும் நம்மைப் போல 'ரைட்' பண்ணுவார்கள். 'ஐ ரோட் தி எக்ஸாம்' என்று முதல் தரம் ஒரு வெள்ளைப் பிள்ளை சொல்லக் கேட்டபோது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

பழைய வாத்தியார் | புதன், காலை 6:30

'டிஃபரன்ட் டு'வுக்கு எத்தனை பிள்ளைகளிடம் அரை மார்க் பிடுங்கியிருக்கிறேனோ. சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் 'அட்' பற்றிச் சொன்ன மாதிரி மற்றவற்றுக்கும் கொஞ்சம் குணம் உண்டு. 'ஆன்' என்றால் பாரத்தை ஒன்றின் மேல் சாய்ப்பது: டிபெண்ட் ஆன், ரிலை ஆன், கவுன்ட் ஆன், பாங்க் ஆன். 'ஃபார்' என்றால் கைக்கு இன்னும் வராத ஒன்றைத் தேடுவது: வெயிட் ஃபார், சர்ச் ஃபார், ஆஸ்க் ஃபார், அப்ளை ஃபார், ஹோப் ஃபார். 'ஃப்ரம்' என்றால் பிரித்து நிறுத்துவது: பிரிவென்ட், புரொஹிபிட், ரிஃப்ரெய்ன், புரொடெக்ட். ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும், கண்டுபிடிக்கப் பயன்படாது, கற்றதை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பயன்படும்.

சோதனைக்காரி | புதன், காலை 10:15

நூல்கண்டு அண்ணா, மெயிலுக்கு நான் தருகிறேன். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதவே எழுதாதீர்கள், 'டு மீட்டிங் யூ'. இந்த 'டு' வினைக்கு முன்னால் வருகிற டு இல்லை, சரக்கு இறக்குகிற டு. சந்தேகம் வந்தால் பின்னால் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த மீட்டிங்' சரியாக நிற்கிறது, அப்படியென்றால் வினை வந்தாலும் 'இங்' மாட்டித்தான் வர வேண்டும். 'கோப் அப் வித்' வேண்டாம், 'கோப் வித்' போதும், அந்த 'அப்' 'கீப் அப் வித்' வீட்டிலிருந்து ஓடி வந்தது. 'கம்ப்ரைஸ் ஆஃப்' எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள், 'கன்சிஸ்ட் ஆஃப்' எழுதிவிட்டுப் போங்கள். காங்கிராஜுலேட் என்றால் 'ஃபார்' இல்லை, 'ஆன்'. 'ப்ரிஃபர்' என்றால் 'தான்' இல்லை, 'டு'. ரிவர்ட் பேக் பற்றி நான் பேசப்போவதில்லை, ரத்தக் கொதிப்பு வரும்.

அப்புறம் ஒரு சோதனை, இதை நான் தினமும் செய்கிறேன். சந்தேகமான வாக்கியத்தை 'வாட்' போட்டுக் கேள்வியாக்குங்கள். 'வாட் டிட் யூ டாக் அபவுட்?' என்று கேட்கலாம், அபவுட்டை எடுத்துவிட்டால் நொண்டும். 'வாட் டிட் யூ டிஸ்கஸ்?' வால் இல்லாமலே நிற்கும். காது கொஞ்சம் பழகியிருந்தால் கேள்வியில் தப்பு பளிச்சென்று கேட்கும்.

ஊர்க்குருவி | புதன், காலை 10:32

'டாக் அபவுட்?' என்று வாக்கியத்தைப் ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் அடித்தார்களே, அது என்ன ஆச்சு?

பழைய வாத்தியார் | புதன், காலை 11:00

அது ட்ரைடன் என்ற கவிஞர் 1672இல் பென் ஜான்சன் என்ற நாடகாசிரியரின் எழுத்தில் குறை கண்டுபிடித்துப் பிரபலமாக்கிய விஷயம். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு முன்னாலும் அப்படி முடித்தார்கள், பின்னாலும் முடிக்கிறார்கள். அடித்தவர்களில் நானும் ஒருவன், அதற்காக இப்போது என்னை அடிக்க வேண்டாம்.

வார்டு ஏழு | புதன், மாலை 5:10

அகராதியை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லையே. நான் முதலில் அர்த்தம் மட்டும் பார்ப்பேன். எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு அக்கா சொன்ன பிறகு, அர்த்தத்துக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தேன். வினைக்குப் பின்னால் வர வேண்டிய சொல்லை அங்கேயே போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, என் வார்டில் நடந்த ஏதாவது ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதிக்கொள்வேன். 'ரெஸ்பாண்ட் டு' என்று தனியாக எழுதி வைத்தால் மறந்துவிடும், '12ஆம் கட்டில் பாட்டி ரெஸ்பாண்டட் வெல் டு த ட்ரீட்மென்ட்' என்று எழுதினால் அந்தப் பாட்டி முகத்தோடு 'டு'வும் வந்துவிடுகிறது.

பழைய வாத்தியார் | புதன், மாலை 6:00

அந்தத் தடித்த எழுத்துக்குப் பின்னால் ஒரு நல்ல மனுஷன் இருக்கிறார். ஹார்ன்பி என்று ஒரு இங்கிலீஷ் வாத்தியார், ஜப்பானில் பாடம் எடுத்தவர். இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய அகராதியில் அர்த்தம் இருக்கும், ஜப்பான் பையனுக்கு அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்பது இருக்காது. அதனால் ஒவ்வொரு வினையும் தன் பின்னால் எதை இழுத்துக்கொண்டு வரும் என்று வகை பிரித்துக் காட்டி ஒரு அகராதி செய்தார், 1942இல் ஜப்பானில் அச்சானது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் எடுத்துப் போட்டது. இன்றைக்கு நம் பிள்ளைகள் கையில் இருக்கிற ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதன் பேரப்பிள்ளைதான். ஜப்பான் பையனுக்கு வந்த அதே தலைவலிதான் தம்பி உங்களுக்கும்.

சோதனைக்காரி | புதன், மாலை 6:20

அகராதி தூக்கச் சோம்பலாக இருந்தால் கூகுள் என்கிராம் இருக்கிறது, 2010இலிருந்து இலவசம். காற்புள்ளி போட்டு இரண்டு தொடரைக் கொடுத்தால் அச்சான புத்தகங்களில் எது எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். ஆனால் பெயரா வினையா என்று பார்த்துக் கொடுங்கள். வெறும் 'ரிக்வெஸ்ட் ஃபார்' கொடுத்தால் பெயர்தான் குவியும், 'வி ரிக்வெஸ்ட் ஃபார்' என்று முழுசாகக் கொடுக்க வேண்டும்.

நூல்கண்டு | வியாழன், இரவு 8:55

இரண்டு நாளாக எல்லோர் சொன்னதையும் வைத்து அதே மெயிலைத் திருப்பி எழுதி இன்று காலை அனுப்பினேன்.

'வி ஹாவ் டிஸ்கஸ்டு த ஷேட் வித் அவர் டையிங் யூனிட். த சாம்பிள் வில் ரீச் யூ பை ஃப்ரைடே. வி ரிக்வெஸ்ட் யுவர் அப்ரூவல். கைண்ட்லி எக்ஸ்ப்ளெயின் த பேக்கிங் மெத்தட் டு அஸ். வி ஆர் அவெயிட்டிங் யுவர் ரிப்ளை.'

மேனேஜர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார், அவருக்கு அது பெரிய பாராட்டு. மாலையில் பையரிடமிருந்து பதில் வந்தது. ஸ்பெயின்காரர், பார்சிலோனாவில் ஆபீஸ். அப்படியே எழுதுகிறேன்: 'ஓகே, வி டிஸ்கஸ் அபவுட் திஸ் டுமாரோ. த பேக்கிங் டிபெண்ட்ஸ் ஆஃப் த கலர்.'

பழைய வாத்தியார் | வியாழன், இரவு 9:10

ஸ்பானிஷில் 'டிபெண்ட்'டுக்குப் பின்னால் 'தே' வரும், நம் 'ஆஃப்' மாதிரி. அவரும் உருபுக்கு உருபு ஒட்டியிருக்கிறார் தம்பி! கல்யாணத்துக்கும் அவர்கள் மொழியில் 'வித்'தான், 'மேரீடு வித்' என்றும் எழுதுவார், பொறுத்திருந்து பாருங்கள்.

நூல்கண்டு | வியாழன், இரவு 9:18

பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன் ஐயா, சிவப்புப் பேனாவையும் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை.